இரட்டைப் பூட்டு

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் நாட்டின் அரசு எப்படி இயங்குகிறது என்று பேசச் சொன்னார்கள். குடியரசுத் தலைவர், பிரதமர், நாடாளுமன்றம், நீதிமன்றம் என்று வரிசையாக விளக்கலாம். அந்த வரிசையைப் பாடநூல் சொல்லிவிடும். நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் கருவூலத் துறையில் வேலை பார்த்தவன். பணம் எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்று பார்த்துப் பார்த்தே அரசைப் புரிந்துகொண்டவன். அதே வாசல் வழியாக உங்களையும் அழைத்துப் போகிறேன்.

முதலில் நாம் கூடியிருக்கும் இந்தக் கூடத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. வரி 100 ரூபாய் என்றால் அதன்மேல் 10 ரூபாய். 1948இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்த வரிக்கு வேர் அந்தச் சட்டம். அது இல்லையென்றால் எவ்வளவு பெரிய அதிகாரியாலும் நூலகத்தின் பேரால் உங்களிடம் பத்துப் பைசா கேட்க முடியாது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது, வசூலிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. ஒரே ஒரு வாக்கியம்தான்.

வாங்குவதற்குச் சட்டம் வேண்டும், சரி. வாங்கிய பணத்தைச் செலவு செய்வதற்கு? இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய கட்டடம், ஓட்டுக் கூரை. உள்ளே ஒரு காப்பறை. முத்திரைத்தாள் கட்டுகளும், அரக்கு முத்திரையிட்ட உறைகளும் அங்கே இருக்கும். அந்த இரும்புக் கதவில் இரண்டு பூட்டுகள். ஒரு சாவி அலுவலரிடம், இன்னொன்று கணக்கரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் விடுப்பில் போனால் சாவியைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஒருவரே இரண்டு சாவியையும் வைத்துக்கொள்வது விதிப்படி பெருங்குற்றம்.

புதிதாய்ச் சேர்ந்த எனக்கு அது பிடிக்கவில்லை. “இத்தனை வருஷம் சேர்ந்து வேலை செய்யிற ரெண்டு பேருக்குள்ள இவ்வளவு சந்தேகமா சார்?” என்று அலுவலரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “இது சந்தேகம் இல்ல தம்பி. நாளைக்கு ஒரு கட்டு குறைஞ்சா, நான் எடுக்கலைன்னு நீ சொல்லணும், நீ எடுக்கலைன்னு நான் சொல்லணும். அதுக்குத்தான் ரெண்டு பூட்டு” என்றார்.

அந்த இரும்புக் கதவை மனதில் வைத்துக்கொண்டு அரசியலமைப்பைப் படித்துப் பாருங்கள். ஒன்றிய அரசுக்கு வரும் வரி, வாங்கும் கடன், திரும்பி வரும் கடன்தொகை எல்லாம் இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்கின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இப்படி ஒரு தொகுப்பு நிதி உண்டு. 266ஆம் பிரிவு அதை உருவாக்குகிறது. அந்தப் பெட்டிக்கும் இரண்டு பூட்டுகள். அரசு கேட்காத பணத்தை மக்களவை கொடுக்க முடியாது. குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல், அதாவது அமைச்சரவையின் விருப்பம் இல்லாமல், எந்த மானியக் கோரிக்கையும் அவைக்கு வராது. அவை அதைக் குறைக்கலாம், மறுக்கலாம், கூட்ட முடியாது. மறுபக்கம், அவை சம்மதிக்காத பணத்தை அரசு தொட முடியாது. நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகாது. செலவு செய்கிறவர் கேட்க வேண்டும், மக்களின் பிரதிநிதிகள் கொடுக்க வேண்டும். கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. என் அனுபவத்தில் நம் ஆட்சிமுறையின் உயிர்நாடி இதுதான்.

இந்த இரண்டாவது சாவி நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. 1860இல் ஜேம்ஸ் வில்சன் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார். வரி கட்டப்போகிற இந்தியர் ஒருவருக்கும் அதில் வாக்கு கிடையாது. 1892ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபை உறுப்பினர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம் என்றது, வாக்களிக்க விடவில்லை. இந்தியாவின் செலவுகளை ஆராய வெல்பி தலைமையில் ஒரு ஆணையம் அமைத்தார்கள். அதன் முன் சாட்சி சொல்ல 1897இல் லண்டனுக்குப் போன இந்தியர்களில் ஒருவர் நம்மவர், ‘தி இந்து’வையும் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர். கோபாலகிருஷ்ண கோகலேயும் அப்போது சென்றிருந்தார். அதே கோகலே 1902இல் கல்கத்தாவில் பட்ஜெட் மீது பேசி, மக்கள் பஞ்சத்தில் வாடும்போது கருவூலத்தில் உபரி எப்படி வந்தது என்று கணக்கோடு கேட்டார். பேச முடிந்தது, வாக்களிக்க முடியவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் சில செலவுகள்மீது வாக்களிக்கும் உரிமை வந்தது. அப்போதும் அவை மறுத்த தொகையை அவசியம் என்று சான்றளித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை ஆளுநர் கையில் வைத்துக்கொண்டார்கள். பூட்டு இரண்டு, சாவி இரண்டும் ஒருவரிடம்.

1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வைத்தவர் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான பட்ஜெட் அது. கேட்டவரும் நம்மவர், கொடுத்த அவையும் நம் அவை. பேசலாம் என்று மட்டும் அனுமதித்த 1892இலிருந்து அந்த நாளுக்கு வந்துசேர 55 ஆண்டுகள் ஆயின.

இனி நடைமுறைக்கு வருவோம். “பட்ஜெட்” என்ற சொல்லே அரசியலமைப்பில் இல்லை. “ஆண்டு நிதிநிலை அறிக்கை” என்றுதான் 112ஆம் பிரிவு சொல்கிறது. 2017 முதல் பிப்ரவரி 1 அன்று அதைத் தாக்கல் செய்கிறார்கள். பொது விவாதம் முடிந்ததும், ஒவ்வொரு துறையின் செலவும் தனித்தனி மானியக் கோரிக்கையாக வருகிறது. நம் சட்டமன்றத்தில் “இன்று காவல்துறை மானியக் கோரிக்கை” என்று செய்தியில் கேட்கிறீர்களே, அதுதான். அன்றைக்குத்தான் அந்தத் துறையின் ஓராண்டு வேலை முழுவதையும் உறுப்பினர்கள் கேள்விக்கு உட்படுத்தலாம்.

உறுப்பினர் கையில் வெட்டுத் தீர்மானம் என்ற கருவியும் இருக்கிறது. ஒரு துறையின் கொள்கையே தவறு என்றால், அந்தக் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுக்கலாம். ஒரு குறிப்பிட்ட குறையை அவையின் முன் வைக்க வேண்டும் என்றால், 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். நூறு ரூபாயால் எந்தத் துறையும் நின்றுவிடாது. ஆனாலும் அந்தத் தீர்மானம் நிறைவேறினால் அரசு அவையின் நம்பிக்கையை இழந்ததாகப் பொருள். ஓர் ஊரில் தண்ணீர் வரவில்லை என்பதை நாட்டின் அமைச்சரவை நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக மாற்றும் ஆற்றல் அந்த நூறு ரூபாய்க்கு உண்டு.

பணம் சார்ந்த மசோதாவில் கடைசிச் சொல் மக்களவைக்கே. மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதன் யோசனையை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர்களிடமே பெட்டியின் சாவி இருக்க வேண்டும் என்பது இதன் காரணம்.

சில செலவுகள் வாக்கெடுப்புக்கே வருவதில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், தணிக்கைத் துறைத் தலைவரின் ஊதியம் இவற்றைப் பற்றி அவை பேசலாம், வாக்களித்து நிறுத்த முடியாது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியின் சம்பளத்தில் யாரும் கைவைக்கக் கூடாதல்லவா? அரசு வாங்கிய கடனுக்கான வட்டியும் இந்த வகைதான். 2024-25 ஒன்றிய பட்ஜெட் மதிப்பீட்டில் மொத்தச் செலவு சுமார் 48.2 லட்சம் கோடி ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் சுமார் 11.6 லட்சம் கோடி. நேற்று வாங்கிய கடன், இன்றைய அவையின் வாக்கிலிருந்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது. கடன் தவறென்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கும் இடத்தில் அவை அசந்துவிட்டால், வட்டி கட்டும் இடத்தில் அதன் வாக்குக்கு இடமே இல்லை என்பதைச் சொல்கிறேன்.

அவை தரும் அனுமதி ஓராண்டுக்குத்தான். மார்ச் 31 நள்ளிரவோடு அது காலாவதி. செலவாகாத பணத்தைத் திரும்ப ஒப்படைத்துவிட்டு, ஏப்ரல் 1 முதல் புதிய அனுமதியில் தொடங்க வேண்டும். ஏன் ஓராண்டு என்றால், அரசு ஆண்டுதோறும் அவைமுன் வந்து நின்றே ஆக வேண்டும் என்பதற்காக. ஐந்தாண்டுப் பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இடையில் அவையைக் கூட்டவும், பதில் சொல்லவும் யாருக்கு அக்கறை இருக்கும்?

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மார்ச் 31 என்றால் என்னவென்று தெரியும். நான் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. மேசை முழுக்க பில் கட்டுகள். டோக்கன் எண் எழுதி எழுதி விரல் வீங்கிவிட்டது. ஒரு துறையிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க வந்தார். ஒரு பள்ளிக்கு மேசை, பெஞ்சு வாங்கிய பில். “பொருள்கள் நல்ல நிலையில் பெறப்பட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டன” என்று சான்று எழுதிக் கையெழுத்தும் இருந்தது. அலுவலர் பில்லை நிதானமாகப் படித்தார். இணைப்பிலிருந்த விலைப்பட்டியலில் தேதி அன்றைய தேதி. “சாமான் வந்துடுச்சா?” என்று கேட்டார்.

வந்தவர் பொய் சொல்லவில்லை. “இன்னும் வரலை சார். பத்து நாள்ல வந்துடும். இன்னிக்கு பாஸ் ஆகலைன்னா பணம் போயிடும். பிள்ளைங்க இன்னொரு வருஷம் தரையிலதான் உட்காரணும்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அலுவலர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பில்லைத் திருப்பிவிட்டார். “சான்று உண்மையாகட்டும். கையெழுத்துப் போடறேன்” என்றார். அந்தப் பணம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மறுபடி ஒதுக்கீடு வாங்கி, மேசைகள் வந்து சேர ஏழெட்டு மாதம் ஆயிற்று என்று பிறகு தெரிந்தது. ஏழெட்டு மாதம் அந்தப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். இதை மறைத்துவிட்டு நான் விதிகளைப் புகழக் கூடாது. பூட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. பல நேரம் அந்த விலையைக் கொடுப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள். அன்றைக்கு அந்த அலுவலரை இரக்கமற்றவர் என்றே நினைத்தேன்.

என் எண்ணம் மாறியது 1996இல். அந்த ஆண்டு ஜனவரியில், அன்று பீகாரில் இருந்த, இன்று ஜார்க்கண்டில் உள்ள சாய்பாசா கருவூலத்திலிருந்து கால்நடைத் துறையின் பேரால் எடுக்கப்பட்ட பணத்தின் கதை வெளியே வந்தது. வராத தீவனத்துக்கும் வராத மருந்துக்கும் வந்ததாகச் சான்று. ஒதுக்கீட்டை மீறிப் பல மடங்கு பில்கள். ஒன்றிரண்டு கருவூலம் இல்லை, பல கருவூலங்களில், பல ஆண்டுகளாக. மொத்தம் சுமார் 950 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. 2013இல் சாய்பாசா வழக்கில் முன்னாள் முதலமைச்சர்கள் இருவர் உட்படப் பலர் தண்டிக்கப்பட்டார்கள். 1996இல் நாளிதழில் அந்த ஊழல் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த மார்ச் 31 இரவுதான் கண்முன் வந்தது. இரண்டு இடத்திலும் சான்றின் வாசகம் ஒன்றுதான்: “பொருள்கள் பெறப்பட்டன.” ஒருவர் பிள்ளைகளுக்காக எழுதினார், இன்னொருவர் கொள்ளைக்காக எழுதினார். கருவூல மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மனதைப் படிக்கத் தெரியாது. தாளைத்தான் படிக்க முடியும். நல்லவர் ஒருவருக்காக ஒருமுறை திறந்த கதவு, கெட்டவர் வரும்போது மூடிக்கொள்ளாது.

பணம் போன பிறகும் கேள்வி தீர்வதில்லை. கொடுத்த காரியத்துக்குத்தான் செலவானதா என்று பார்ப்பவர் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர், செய்தித்தாள்கள் சிஏஜி என்று எழுதுகிறவர். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடினமான முறையில்தான் அவரை நீக்க முடியும். ஓய்வுக்குப் பிறகு அவர் அரசில் எந்தப் பதவியும் ஏற்கக் கூடாது. நாளைய பதவிக்காக இன்று வளைந்துகொடுக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. 1949 மே மாதம் அரசியலமைப்பு நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், இந்த அரசியலமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருப்பார் என்ற கருத்தைச் சொன்னார். கருவூலத்தில் இருந்தவன் என்ற முறையில் அதன் பொருள் எனக்குப் புரிகிறது.

தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதும் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. 1921இல் தொடங்கிய குழு அது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர் எவரும் உறுப்பினராக முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவர். துறைச் செயலாளர்கள் அந்தக் குழுவின் முன் வந்து பதில் சொல்ல வேண்டும். செலவு செய்தவரின் கணக்கை, அவரை எதிர்ப்பவர் தலைமையில் பார்ப்பது என்ற இந்த மரபு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. கட்சிகள் மாறி மாறி ஆண்டும் அதைக் காப்பாற்றி வந்திருக்கின்றன.

அவை விழித்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1957இல், அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. மக்களவையில் அதைத் துருவிக் கேட்டவர் ஃபெரோஸ் காந்தி. அவர் ஆளும் கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் வெளிப்படையாக நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தன் கட்சி அமைச்சரைத் தன் கட்சிக்காரரே அவையில் கேட்டார். இதை நினைவில் வையுங்கள். அடுத்து சொல்லப்போவது அதோடு சேர்ந்தது.

நம் முறையில் பெரும்பான்மை பெற்ற கட்சிதான் அரசை அமைக்கிறது. அப்படியானால் கேட்கும் சாவியும் கொடுக்கும் சாவியும் ஒரே கொத்தில் சேர்ந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. பணத்துக்கும் பதவிக்கும் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம், அந்த நோக்கம் நல்லதுதான். ஆனால் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஒரு மானியக் கோரிக்கையில் மாற்றி வாக்களித்தாலும் உறுப்பினர் பதவி போய்விடலாம் என்ற நிலையும் அதோடு வந்தது. இன்னொரு ஃபெரோஸ் காந்தி இன்றைக்கு எழுந்து பேசலாம். வாக்கைத் தன் மனம்போல் போட முடியாது.

விவாதமாவது முழுமையாக நடக்கிறதா? குறித்த நாள் முடிந்ததும் விவாதிக்காத கோரிக்கைகளை எல்லாம் ஒரே மூச்சில் நிறைவேற்றும் முறை இருக்கிறது. கில்லட்டின் என்பார்கள். நேரம் போதாதபோது சில துறைகளுக்கு அது தவிர்க்க முடியாதது. ஆனால் 2013இலும் 2018இலும் ஒரு துறையைக்கூட விவாதிக்காமல் எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறின. 2018 மார்ச் 14 அன்று, கூச்சலுக்கும் முழக்கத்துக்கும் நடுவே, சுமார் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டது வேறு வேறு கட்சி. ஆகையால் இதை ஒரு கட்சியின் தவறாகப் பார்க்காதீர்கள். கூச்சலிட்டவர்களும், கூச்சலைச் சாக்காக வைத்துக்கொண்டவர்களும் சேர்ந்தே அந்தச் சாவியைப் பூட்டில் செருகி விட்டுவிட்டுப் போனார்கள்.

எதிர்பாராச் செலவு நிதியையும் கவனியுங்கள். வெள்ளம், புயல் என்றால் அவை கூடும்வரை காத்திருக்க முடியாது. முதலில் எடுத்துச் செலவழித்துவிட்டு, பிறகு அவையின் ஒப்புதலைப் பெற்று நிரப்ப வேண்டும். ஒன்றிய அரசின் அந்த நிதி 500 கோடியாக இருந்தது. 2021இல் 30,000 கோடியாக உயர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தின் தேவை புரிகிறது. அவசர வாசல் அகலமாகும்போது அதைப் பார்த்துக்கொள்ளும் கண்களும் கூட வேண்டும்.

நம்பிக்கை தரும் பக்கமும் உண்டு. 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இயங்குகின்றன. இப்போது 24. அங்கே கூச்சல் இல்லை. கட்சி வேறுபாடு மறந்து உறுப்பினர்கள் துறையின் கணக்கை வரிவரியாகப் படிக்கிறார்கள். ஆனால் அந்தக் குழுவின் அறிக்கையை அரசு ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்கு வலு வருவது அதைப் பிறர் படிக்கும்போதுதான். தணிக்கை அறிக்கையும் அப்படியே. அவையில் வைத்த நொடியிலிருந்து அது பொது ஆவணம். எவரும் படிக்கலாம். இந்த நூலகத்தில் போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு ஒரு தனி அலமாரி இருக்கிறது, மகிழ்ச்சி. அதன் பக்கத்தில் மாநில பட்ஜெட் ஆவணங்களுக்கும் தணிக்கை அறிக்கைகளுக்கும் ஒரு தட்டு ஒதுக்க வேண்டும் என்று வாசகர் வட்டத்தை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

டெல்லியும் சென்னையும் தூரம் என்று தோன்றலாம். உங்கள் ஊராட்சி தூரம் இல்லை. 73ஆவது திருத்தத்துக்குப் பிறகு கிராமசபைக்கு அரசியலமைப்பிலேயே இடம் உண்டு. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. அங்கே உங்களுக்காகப் பேச வேறொருவர் தேவையில்லை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அந்த அவையின் உறுப்பினர். கொறடா கிடையாது. வரவு செலவு அறிக்கையை அங்கே படிப்பார்கள். கேட்பவர்கள் பலர் அதற்குள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். என் ஊரிலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

என் அலுவலர் ஓய்வு பெற்ற நாளில் தன் சாவியை அடுத்தவரிடம் கொடுத்தார். வாங்கியவர் பதிவேட்டில் “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாக்குச்சாவடியில் விரலில் மை வைத்துக்கொள்வதை நாம் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதாக நினைக்கிறோம். அங்கே நாம் கொடுப்பது ஒரு சாவிதான். இன்னொன்று நம் கையில் இருக்கிறது.

ஆகவே மாணவர்களே, அடுத்த கிராமசபையில் வரவு செலவு படிக்கும்போது எழுந்து போகாதீர்கள். படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். “மேசை, பெஞ்சு வாங்கியதாகச் சொல்கிறீர்களே, எந்தப் பள்ளிக்கு வந்தது?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் கிடைத்ததும் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள்.